அப்பாவுக்கென்று தனியாக ஒரு மருந்து இருக்கிறதா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். அப்பாவுக்கு 64 வயது. கணையப் புற்றுநோய், கண்டுபிடித்தபோதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. கீமோ தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் ஆராய்ந்து அவருக்கென்றே மருந்து தயாரிக்கிறார்கள் என்று செய்தியில் படித்திருக்கிறீர்கள். கட்டியின் மரபணுக்களைச் சோதித்தால் அப்பாவுக்கும் அப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், "முதலிலேயே இதைச் செய்யாமல் நானும் தம்பியும் தவறு செய்துவிட்டோமா?" என்று எழுதியிருந்தீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை, நீங்கள் தவறு செய்யவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் நோயியல் மருத்துவர். பயாப்ஸியில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, அது இன்ன நோய் என்று பெயர் சொல்வது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் வேலை. கடந்த பத்து ஆண்டுகளாக, கட்டிகளின் மரபணு அறிக்கைகளை வைத்துக்கொண்டு புற்றுநோய் மருத்துவர்களும் அறுவை மருத்துவர்களும் மரபியல் வல்லுநர்களும் வாரந்தோறும் கூடிப் பேசும் குழுவிலும் இருக்கிறேன். மருந்து எழுதிக் கொடுப்பது என் வேலை அல்ல. உங்கள் அப்பாவின் ஸ்லைடையும் நான் பார்த்ததில்லை. ஆகவே நான் சொல்லப்போவது நோயைப் பற்றி. அவரைப் பற்றிய முடிவை, அவரை நேரில் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர்தான் எடுக்க முடியும்.

'தனிநபர் சிகிச்சை' என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, தேர்ந்தெடுப்பது: ஏற்கெனவே இருக்கும் மருந்துகளில் இந்தக் கட்டிக்கு எது பொருந்தும் என்று மரபணுவைப் பார்த்து முடிவு செய்வது. இன்னொன்று, தயாரிப்பது: ஒருவரின் கட்டியிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ எடுத்த பொருளை வைத்து, உலகில் வேறு யாருக்கும் பயன்படாத, அவர் ஒருவருக்கு மட்டுமான சிகிச்சையை உருவாக்குவது. நீங்கள் படித்த செய்தி இரண்டாவதைப் பற்றியது. உங்கள் அப்பாவுக்கு இன்று எட்டக்கூடியது ஏறக்குறைய முழுவதும் முதலாவதில்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பத்தில் பாதி தீரும்.

தேர்ந்தெடுக்கும் வழிக்குப் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது ஓர் இரத்தப் புற்றுநோய். நாள்பட்ட மைலாய்டு லுகீமியா என்ற அந்த நோயில் ஒரு குரோமோசோம் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக இருப்பதை 1960-இல் பிலடெல்பியாவில் கண்டார்கள். இரண்டு குரோமோசோம்கள் உடைந்து மாறி ஒட்டிக்கொண்டதில் பிறந்த ஒரே ஒரு புரதம்தான் அந்த நோயை ஓட்டுகிறது என்பது பிறகு தெரியவந்தது. அந்தப் புரதத்தை அடைக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-இல் அங்கீகாரம் பெற்றது. இன்று அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே ஏறக்குறைய முழு ஆயுளும் வாழ்கிறார்கள். மருத்துவ வரலாற்றில் மிக அழகான கதைகளில் அது ஒன்று. ஆனால் அதிலிருந்து நாங்கள் எல்லோரும் அவசரப்பட்டு ஒரு பாடம் படித்துவிட்டோம்: ஒவ்வொரு புற்றுநோய்க்கும் ஒரு பூட்டு, அதற்கு ஒரு சாவி, தேடினால் கிடைக்கும் என்று. அந்த லுகீமியா அதன் தொடக்க நிலையில் ஒரே பிழையால் ஓடும் நோய். கணையப் புற்றுநோயும் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயும் அப்படிப்பட்டவை அல்ல.

கணையப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேருக்குக் கேராஸ் என்ற மரபணு பழுதாகியிருக்கும். செல்லை 'பிரி, பெருகு' என்று தூண்டும் பொத்தான் அது. பழுதானால் அமுக்கிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்டபின்னும் பல பத்தாண்டுகளாக மருந்து வரவில்லை. காரணம், அந்தப் புரதத்தின் மேற்பரப்பு வழவழப்பானது. மருந்து மூலக்கூறு உட்கார ஒரு பள்ளம் கிடைக்கவில்லை. 2013-இல் கெவன் ஷோகாட்டின் ஆய்வகம், ஜி12சி என்ற ஒரு குறிப்பிட்ட பழுதில் மட்டும் தோன்றும் சிறு பள்ளத்தைக் கண்டுபிடித்தது. அதன் வழியில் வந்த சோடோராசிப் 2021-இல் நுரையீரல் புற்றுநோய்க்கு அங்கீகாரம் பெற்றது. கணையத்தில் சிக்கல் என்னவென்றால், ஜி12சி பழுது அங்கே நூறில் ஓரிருவருக்குத்தான் இருக்கும். மற்றவர்களிடம் பெரும்பாலும் ஜி12டி, ஜி12வி என்ற வகைகள். கேராஸின் பல வகைப் பழுதுகளையும் ஒருசேர அடைக்க முயலும் புதிய மருந்துகளில் டாராக்சோன்ராசிப் கணையப் புற்றுநோயில் மூன்றாம் கட்ட ஆய்வு வரை வந்திருக்கிறது. இந்தத் துறையில் நான் மிகுந்த ஆவலோடு கவனித்து வருவது இந்த மருந்துகளைத்தான். பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி: சோதித்தால் ஏதாவது கிடைக்குமா? அமெரிக்காவில் கணையப் புற்றுநோயாளிகள் 1,082 பேரின் கட்டிகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. அவர்களில் 26 சதவீதம் பேருக்கு, மருந்தோடு பொருத்திப் பார்க்கத்தக்க ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. நால்வரில் ஒருவர். பொருத்தமான மருந்தை உண்மையில் பெற்றவர்கள் 46 பேர் மட்டுமே. அவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் இதைவிட அதிகம் வாழ்ந்த அளவு) 2.58 ஆண்டுகள், மாற்றம் இருந்தும் அந்த மருந்தைப் பெறாதவர்களுக்கு 1.51 ஆண்டுகள். இந்த எண்ணைப் பார்த்தவுடன் மனம் துள்ளும். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இது சீட்டுப் போட்டு இரு அணியாகப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல. சோதனை முடிவு வந்து, மருந்து கைக்கு வரும்வரை உயிரோடும் ஓரளவு தெம்போடும் இருந்தவர்கள்தான் அந்த 46 பேர். நோய் வேகமாக முற்றியவர்கள் தாமாகவே மறுபக்கக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆகவே அந்த ஓர் ஆண்டு வித்தியாசத்தில் மருந்தின் பங்கு எவ்வளவு, நோயின் இயல்பின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பலன் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். முழு ஆண்டும் மருந்தால் வந்தது என்று நம்பவில்லை.

சீட்டுப் போட்டுப் பிரித்த ஆய்வு ஒன்றும் உண்டு. பிரான்ஸில் நடந்த அதன் பெயர் ஷிவா. முடிவு 2015-இல் வந்தது. பலவகைப் புற்றுநோய்கள் முற்றிய நிலையில் இருந்த 195 பேரில் ஓர் அணிக்கு, கட்டியின் மாற்றத்தைப் பார்த்து, வேறு நோய்களுக்கு இருந்த குறிமருந்துகளை, அதாவது ஒரு குறிப்பிட்ட பழுதைக் குறிவைத்து அடைக்கும் மருந்துகளைக் கொடுத்தார்கள். மற்ற அணிக்கு மருத்துவர் தம் அனுபவத்தில் தேர்ந்த வழக்கமான சிகிச்சை. நோய் வளராமல் இருந்த காலம் முதல் அணிக்கு 2.3 மாதம், இரண்டாவது அணிக்கு 2.0 மாதம். சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அதில் பயன்பட்ட மருந்துகள் பழையவை, பொருத்திய விதிகள் எளிமையானவை என்ற விமர்சனம் நியாயமானதுதான். ஆனாலும் 'மாற்றம் தெரிந்தது, மருந்தும் இருக்கிறது, எனவே வேலை செய்யும்' என்ற கணக்கு அவ்வளவு நேரானதல்ல என்பதை அது எங்களுக்கு உறைக்கும்படி சொன்னது.

அந்தக் கணக்கு ஏன் பிசகுகிறது என்பதற்கு நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. பிராஃப் என்ற மரபணுவில் வி600இ என்று ஒரு பழுது. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் அதே பழுது இருந்தால், அதை அடைக்கும் வெமுராஃபெனிப் மாத்திரை ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டியைச் சுருக்குகிறது. பெருங்குடல் புற்றுநோயில் அச்சு அசலாக அதே பழுது, அதே மாத்திரை. சுருங்கியது இருபதில் ஒருவருக்கு. பல மாதங்கள் யாருக்கும் காரணம் புரியவில்லை. குடல் செல்லில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற வேறொரு வாசல் இருக்கிறது. பிராஃபை அடைத்தவுடன் அந்த வாசல் அகலத் திறந்துகொண்டு, தூண்டுதல் அதன் வழியாக உள்ளே வந்துவிடுகிறது என்று 2012-இல் கண்டுபிடித்தார்கள். மெலனோமா செல்லில் அந்த வாசல் பெரும்பாலும் கிடையாது. இரண்டையும் சேர்த்து அடைத்தபோது குடல் புற்றுநோயாளிகளும் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். 2019-இல் பெரிய ஆய்வு அதை நிறுவியது. கட்டியில் என்ன பழுது என்பதோடு அது எந்த உறுப்பில் முளைத்தது என்பதும் தெரிய வேண்டும். இதனால்தான் மரபணுச் சோதனைகள் வந்தபிறகும் நுண்ணோக்கியை நாங்கள் மூடி வைக்கவில்லை.

இன்னொரு தடையும் உண்டு. கட்டி ஒரே மாதிரியான செல்களின் குவியல் என்று நாம் மனத்தில் படம் வைத்திருக்கிறோம். 2012-இல் லண்டனில் சார்ல்ஸ் ஸ்வான்டனின் குழு, ஒரே சிறுநீரகப் புற்றுநோய்க் கட்டியின் பல இடங்களிலிருந்து துண்டெடுத்துச் சோதித்தது. மாற்றங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எல்லாத் துண்டுகளிலும் இல்லை. ஒரு மூலையில் ஊசி போட்டு எடுத்த துண்டு சொல்வது அந்த மூலையின் கதை. ஒரு பகுதியை மருந்து அழித்தால் மற்றொரு பகுதி அந்த இடத்தை நிரப்பும். கிளியோபிளாஸ்டோமாவில் இது இன்னும் மோசம்: ஒரே கட்டிக்குள் அடுத்தடுத்த செல்கள்கூட வேறு வேறு மரபணுக்களை முடுக்கிவிட்டு வாழ்கின்றன. குறிமருந்துகளால் முதலில் நன்றாகச் சுருங்கிய கட்டிகள் சில மாதங்களில் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இவ்வளவும் சொன்னபிறகு, சோதனை வேண்டாம் என்று நான் சொல்லப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டாயம் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். கணையப் புற்றுநோயில் தேடிப் பார்க்கத்தக்க சில மாற்றங்கள் மிக உறுதியானவை. முதலாவது பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள். மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துக் கேள்விப்பட்டிருப்பீர்கள், கணையத்திலும் உண்டு. 2019-இல் வெளியான போலோ என்ற ஆய்வுக்காக, பரவிய கணையப் புற்றுநோய் உள்ள 3,315 பேரைச் சோதித்தபோது 7.5 சதவீதம் பேருக்குப் பிறவியிலேயே அந்தப் பழுது இருந்தது. அப்படிப்பட்ட கட்டிகளால் உடைந்த டி.என்.ஏ.வைச் சரியாகத் தைக்க முடியாது. அதனால் டி.என்.ஏ.வை உடைக்கும் பிளாட்டினம் வகைக் கீமோ மருந்துகள் அவற்றை நன்றாகத் தாக்கும். பிளாட்டினம் கொடுத்து நோய் அடங்கியிருந்தவர்களுக்குத் தொடர்ந்து ஓலாபரிப் மாத்திரை கொடுத்தபோது, நோய் வளராத காலம் 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதமாக நீண்டது. மொத்த ஆயுள் நீண்டதாக அந்த ஆய்வு காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அத்தனை மாதங்கள் கீமோ ஊசி இல்லாமல் வீட்டில் மாத்திரையோடு இருப்பது சின்ன விஷயம் அல்ல. அப்பாவுக்கு இப்போது கொடுக்கும் கீமோவில் பிளாட்டினம் மருந்து இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பி.ஆர்.சி.ஏ. பழுது தெரிந்தால் அந்தத் தேர்வே மாறக்கூடும்.

இரண்டாவது, டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது ஏற்படும் பிழைகளைத் திருத்தும் பொறிமுறை பழுதான கட்டிகள். கணையத்தில் நூறில் ஒருவருக்குத்தான். ஆனால் இருந்தால் நோயெதிர்ப்பு மருந்து வேலை செய்ய வாய்ப்பு உண்டு. 2017-இல் பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு, எந்த உறுப்பின் புற்றுநோயாக இருந்தாலும் இந்தப் பழுது இருந்தால் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். உறுப்பின் பெயரை விட்டுவிட்டு மரபணுவின் பெயரில் கொடுக்கப்பட்ட முதல் அனுமதி அதுதான். மூன்றாவது, கேராஸ் பழுதே இல்லாத பத்தில் ஒருவர். அறிக்கையில் 'கேராஸ் இயல்பு நிலை' என்று இருந்தால் அங்கேயே தேடலை நிறுத்திவிடக் கூடாது. இந்தக் கட்டிகளில்தான் இரண்டு மரபணுக்கள் ஒட்டிப் பிறந்த இணைவுகள் ஒளிந்திருக்கும். அவற்றில் என்.ஆர்.ஜி.1 இணைவுக்கு 2024 டிசம்பரில் ஒரு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த இணைவுகள் டி.என்.ஏ. சோதனையில் நழுவிவிடும், ஆர்.என்.ஏ. சோதனையில்தான் நன்றாகத் தெரியும். எங்கள் குழுவில் நான் அடிக்கடி விடாப்பிடியாக நிற்கும் இடம் இது.

இங்கே என் மேசையில் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்குவதில்லை. கணையக் கட்டியில் பெரும்பகுதி புற்றுநோய் செல்களே அல்ல. உடல் அதைச் சுற்றிப் பின்னும் தழும்புத் திசுதான் அதிகம். அதற்குள் புற்றுநோய் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புதைந்திருக்கும். ஊசியில் வருவதோ நூல் போன்ற ஒரு துணுக்கு. நோயின் பெயரைச் சொல்ல அது போதும். மரபணுச் சோதனைக்குப் பல நேரம் போதாது. 'திசு போதவில்லை' என்ற வரியை எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பத்தின் முகம் எனக்குத் தோன்றும். உங்கள் அப்பாவுக்குக் கல்லீரலில் பரவியிருப்பதால், பயாப்ஸியை அங்கிருந்து எடுத்திருந்தால் செல்கள் கொஞ்சம் தாராளமாகக் கிடைத்திருக்கலாம். அந்தத் துணுக்கை மெழுகில் பதித்து 'பிளாக்' என்று ஆய்வகத்தில் பத்திரமாக வைத்திருப்பார்கள். பல ஆண்டுகள் கெடாது. அது போதாவிட்டால் இரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைச் சோதிக்கலாம். கல்லீரலுக்குப் பரவிய நோயில் அது இரத்தத்தில் அகப்பட வாய்ப்பு அதிகம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இரத்தத்தில் ஒரு மாற்றம் தெரிந்தால் அது பெரும்பாலும் உண்மை, தெரியாவிட்டால் இல்லை என்று பொருள் அல்ல.

அறிக்கை வரும்போது பல பக்கங்கள் இருக்கும். மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். பயந்துவிடவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். பி53 என்ற மரபணுவில் பழுது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். பெரும்பாலான கணையக் கட்டிகளில் அது உண்டு, அதற்கென்று நடைமுறையில் மருந்து இல்லை. 'பொருள் தெளிவற்ற மாற்றம்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஒரு மருந்தின் பெயரைப் பார்த்தால் மருத்துவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த மாற்றத்துக்கு இந்த மருந்து கணையப் புற்றுநோயில் வேலை செய்ததாக மனிதர்களிடம் ஆதாரம் இருக்கிறதா, இல்லை, வேறு உறுப்பின் ஆதாரத்தை வைத்துச் சொல்கிறார்களா?" மேலே சொன்ன பிராஃப் கதைக்குப் பிறகு, இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று உங்களுக்கே புரியும்.

இனி நீங்கள் படித்த செய்திக்கு வருகிறேன். அது ஒருவருக்கு மட்டுமான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் வினோத் பாலச்சந்திரனின் குழு செய்த ஆய்வு. அறுவை செய்து எடுத்த கட்டியைப் படித்து, அதில் மட்டும் இருக்கும், உடலின் மற்ற செல்களில் இல்லாத புரதத் துணுக்குகளில் 20 வரை தேர்ந்தெடுத்து, அவற்றின் செய்முறையை எம்.ஆர்.என்.ஏ.வாக எழுதி ஊசியில் ஏற்றுகிறார்கள். உடலின் நோயெதிர்ப்பு அணியைச் சேர்ந்த டி செல்கள் அந்தத் துணுக்குகளை அடையாளம் கற்றுக்கொண்டு, எங்காவது ஒளிந்திருக்கும் மிச்சத்தைத் தேடி அழிக்க வேண்டும் என்பது எண்ணம். 16 பேருக்குக் கொடுத்தார்கள். 8 பேரின் உடல் கற்றுக்கொண்டது. 8 பேருடையது கற்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகக் கண்காணித்தபின், கற்றவர்களில் 2 பேருக்கு நோய் திரும்பியது. கற்காதவர்களில் 7 பேருக்கு. கணையப் புற்றுநோயில் மெலனோமாவைப் போல மரபணு மாற்றங்கள் நிறைய இருக்காது. அதனால் நோயெதிர்ப்பு முறைக்கு அது கண்ணில் படாது என்றுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கை தவறு என்று காட்டியதற்காகவே இந்த ஆய்வை நான் மதிக்கிறேன்.

ஆனால் இதில் உறுதியானது எது, உறுதியாகாதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இத்தகைய ஊசியை உரிய காலத்தில் தயாரிக்க முடியும், அது டி செல்களை எழுப்ப முடியும், அந்த டி செல்கள் ஆண்டுக்கணக்கில் நிலைக்க முடியும்: இவை நிறுவப்பட்டவை. அது நோய் திரும்பாமல் தடுக்கிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. தடுப்பூசியைக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு வலுவான உடல் உள்ளவர்களுக்கு நோய் இயல்பாகவே தாமதமாகத் திரும்பியிருக்கலாம். மேலும் 16 பேரும் ஒரு நோயெதிர்ப்பு மருந்தையும், ஏறக்குறைய எல்லோரும் கீமோவையும் பெற்றவர்கள். இதைத் தீர்த்து வைக்கத்தான் சீட்டுப் போட்டுப் பிரிக்கும் பெரிய ஆய்வு ஒன்றை 2023-இல் தொடங்கினார்கள். மெலனோமாவில் அப்படிப்பட்ட ஆய்வு 157 பேரிடம் நடந்திருக்கிறது; தனிநபர் தடுப்பூசியைச் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் அல்லது இறக்கும் அபாயம் 44 சதவீதம் குறைவாக இருந்தது. அது நல்ல அறிகுறி. முடிவான சொல் மூன்றாம் கட்ட ஆய்விலிருந்து வர வேண்டும்.

சொல்லக் கடினமான பகுதி இதுதான். இந்த ஆய்வுகளில் கட்டியை அறுவை செய்து முழுவதும் எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தைத் துடைக்கத்தான் தடுப்பூசி. கல்லீரலில் பரவிய, கண்ணுக்குத் தெரியும் கட்டியை அது கரைக்கும் என்று காட்டிய ஆய்வு இது அல்ல. தயாரிப்புக்கும் வாரக்கணக்கில் ஆகும். அந்த ஆய்வில் அறுவை முடிந்து முதல் ஊசி போட ஏறக்குறைய ஒன்பது வாரங்கள் ஆயின. உங்கள் அப்பாவின் இன்றைய நிலைக்கு அந்தத் தடுப்பூசி பொருந்தாது. அதைப் பெற்றுத் தரவில்லை என்ற பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

நோயாளியின் டி செல்களையே வெளியே எடுத்து மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சை பற்றியும் கேட்டிருந்தீர்கள். சில இரத்தப் புற்றுநோய்களில் 2017 முதல் அது அனுமதி பெற்ற சிகிச்சை. கைவிடப்பட்ட பலரைக் காப்பாற்றியிருக்கிறது. திடக் கட்டிகளில், அதுவும் தழும்புக் கோட்டைக்குள் இருக்கும் கணையத்தில், அந்த செல்களால் இன்னும் உள்ளே போய் நிலைக்க முடியவில்லை. இப்போதைக்கு ஆய்வுகளுக்குள் மட்டும் இருக்க வேண்டிய சிகிச்சை அது.

எனக்கு நெருக்கமான மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: கட்டியின் செல்களைத் தட்டில் சிறு உருண்டைகளாக வளர்த்து, மருந்துகளை அவற்றின்மேல் போட்டுப் பார்ப்பது. ஆர்கனாய்டு என்று பெயர். 2018-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், பரவிய குடல், இரைப்பைப் புற்றுநோய்களிலிருந்து வளர்த்த உருண்டைகளில் வேலை செய்யாத மருந்து எதுவும் நோயாளியிடமும் வேலை செய்யவில்லை. உருண்டையில் வேலை செய்தவற்றில் நூற்றுக்கு 88 நோயாளியிடமும் வேலை செய்தன. மரபணுவைப் படித்து ஊகிப்பதைவிட, நேராகக் கேட்டுப் பார்க்கும் இந்த முறை ஒருநாள் வெல்லும் என்பது என் கணிப்பு. ஆனால் அந்த எண்கள் சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடமிருந்து வந்தவை. எல்லாக் கட்டியும் தட்டில் வளராது. வளர்வதற்கும் வாரங்கள் ஆகும். தட்டில் தழும்புத் திசுவும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை, நோயெதிர்ப்பு செல்லும் இல்லை. இதைப் போன்ற சோதனைகளைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்து, நோயாளிகளுக்குப் பலன் நிறுவப்படாமல் கைவிட்டிருக்கிறார்கள். ஆகவே ஆய்வின் பகுதியாகக் கிடைத்தால் சேருங்கள். தனியே விலைக்கு விற்கப்பட்டால், அதன் அடிப்படையில் இப்போது நடக்கும் கீமோவை மாற்றாதீர்கள்.

விற்பனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 'உங்கள் செல்லிலிருந்தே தடுப்பூசி', 'உங்கள் மரபணுவுக்கேற்ற கலவை' என்று விளம்பரம் செய்பவர்கள் இதே சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம்பிக்கை இழந்த குடும்பங்கள் கையில் இருப்பதையெல்லாம் அங்கே கொட்டுவதைப் பார்த்து நெஞ்சு கொதித்திருக்கிறேன். ஆய்வு நிலையில் உள்ள மருந்தை முறையான ஆய்வுகளில் பொதுவாக நோயாளியின் தலையில் விலை கட்டிக் கொடுப்பதில்லை. அந்த ஆய்வு பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும். எழுத்தில் சம்மதம் கேட்பார்கள். பலன் நிச்சயம் என்று ஒருபோதும் சொல்லமாட்டார்கள். நிச்சயம் என்று சொன்ன இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை எனக்குத் தோன்றும் வரிசையில் இவை. பிறவிப் பழுதுக்கான இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறதா? குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லை என்றாலும் கணையப் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் அதைச் செய்யச் சொல்லிப் பரிந்துரைகள் இருக்கின்றன. பிளாக்கில் மரபணுச் சோதனைக்குத் திசு மிச்சம் இருக்கிறதா? இப்போது நடக்கும் முதல் கீமோ பலன் தராமல் போனால் சேரத்தக்க ஆய்வு எது? இந்தக் கடைசிக் கேள்வியை இப்போதே, கீமோ வேலை செய்துகொண்டிருக்கும்போதே கேளுங்கள். பெரும்பாலான ஆய்வுகள் எழுந்து நடமாடி, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் உள்ளவர்களைத்தான் சேர்க்கும். எங்கள் குழுவில் நல்ல பொருத்தம் கண்டுபிடித்தும் பயன்படாமல் போன பல முறை, அதற்குக் காரணம் அறிவியல் அல்ல. அறிக்கை வருவதற்குள் அந்த மனிதர் மெலிந்து படுத்துவிட்டிருப்பார்.

அதனால் இன்னொரு விஷயத்தையும் கேளுங்கள். கணையம் பழுதானால் செரிமான நொதிகள் குறையும். சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம். உணவோடு எடுக்கும் நொதிக் காப்ஸ்யூல்கள் இருக்கின்றன. ஆச்சரியப்படும் அளவுக்குப் பல நோயாளிகளுக்கு யாரும் அவற்றை எழுதிக் கொடுப்பதில்லை. வலியையும் களைப்பையும் கவனிக்கும் நோய்தணிப்பு மருத்துவரை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு ஆரம்பத்திலேயே அந்தக் கவனிப்பைக் கொடுத்தபோது அவர்கள் நன்றாக வாழ்ந்ததோடு கூடுதல் காலமும் வாழ்ந்தார்கள்: 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். கணையப் புற்றுநோயிலும் அதே அளவு காலம் கூடும் என்று நான் சொல்லவில்லை. துன்பம் குறையும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது உங்கள் கடைசி வரிக்குத் திரும்புகிறேன். கல்லீரலில் பரவிய நிலையில் கண்டுபிடித்தபின் மரபணு அறிக்கைக்காகக் காத்திராமல் கீமோவைத் தொடங்கியது சரியான முடிவு. இந்த நோய் காத்திருக்காது. சோதனைகள் கீமோவோடு சேர்ந்தே நடக்கலாம். இரண்டு மாதத்தில் எந்தக் கதவும் மூடிவிடவில்லை. பிளாக் அங்கேயே இருக்கிறது. பிறவிப் பழுதுக்கான இரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவிடம் பழுது தெரிந்தால், உங்களுக்கும் தம்பிக்கும் அது வந்திருக்க ஒவ்வொருவருக்கும் பாதி வாய்ப்பு. வந்திருந்தால் முன்கூட்டியே கண்காணிக்க வழி இருக்கிறது. வரவில்லை என்றால் அந்தப் பயம் அன்றோடு தீரும். அடுத்த கீமோ நாளில் எப்படியும் இரத்தம் எடுப்பார்கள். அப்போதே இதற்கும் ஒரு குழாய் சேர்த்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அவருக்குத் தனியாக இன்னொரு ஊசி குத்த வேண்டியிருக்காது.